வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் மட்டும் நழுவும் பார்வை: ஒரு நிகழ்வு ஆய்வு

46 வயதுப் பெண். குறிப்பிடும்படியான பழைய நோய் எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்கு முன் சாதாரணச் சளி பிடித்து விட்டிருந்தது. அதிகாலையில் கண் விழித்தபோதே அறை சுழன்றது. புரண்டு படுத்தும் நிற்கவில்லை, கண்ணை மூடியும் நிற்கவில்லை. சில மணி நேரத்தில் நாலைந்து முறை வாந்தி. எழுந்து நடக்கப் பார்த்தபோது உடல் ஒவ்வொரு முறையும் வலப்பக்கமாகவே சாய்ந்தது. காது நன்றாகக் கேட்டது. இரைச்சலோ அடைப்போ இல்லை. இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், புதிய தலைவலி எதுவும் இல்லை.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ ஒருவரின் மருத்துவப் பதிவு அல்ல. உட்செவிச் சமநிலை நரம்பு நோயில் வழக்கமாகக் காணக்கூடியவற்றைக் கற்பித்தலுக்காக ஒரே நோயாளியின் கதையாகக் கோத்திருக்கிறேன். சோதனை எண்களும் அப்படி அமைத்தவையே.

முதல் நாள்

கண்களைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு கண்களும் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து சட்டென்று இடப்பக்கம் தாவின. மறுபடி மெதுவாக வலம், சட்டென்று இடம். வேகமாகத் தாவும் திசையை வைத்தே பெயர் சொல்வது வழக்கம் என்பதால் இது இடப்பக்க நிஸ்டாக்மஸ், அதாவது தானாக நிகழும் விழித்துடிப்பு. கண்கள் லேசாக உருளவும் செய்தன. விழியின் மேல்விளிம்பு இடப்பக்கமாகத் துடித்தது. இடது பக்கம் பார்க்கச் சொன்னால் துடிப்பு கூடியது, வலது பக்கம் பார்க்கச் சொன்னால் குறைந்தது, ஆனால் திசை மாறவே இல்லை. எதிரில் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் அடங்கியது. பார்வையை ஓரிடத்தில் நிறுத்தவிடாத தடித்த ஃப்ரென்செல் கண்ணாடியை மாட்டியதும் பலமாகத் திரும்பியது.

விடாமல் சுற்றும் தலைச்சுற்றலில் முதல் கேள்வி, கோளாறு காதிலா மூளையிலா என்பது. அதற்கு 2009 முதல் ஹின்ட்ஸ் என்ற பெயரில் மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்கிறார்கள்: தலையைச் சட்டென்று திருப்பிக் கண்ணைக் கவனிப்பது (தலை உந்தல்), நிஸ்டாக்மஸ் திசை மாறுகிறதா என்று பார்ப்பது, கண்களை மாற்றி மாற்றி மூடும்போது விழி மேலும் கீழுமாகச் சரிசெய்துகொள்கிறதா என்று பார்ப்பது. சுற்றல் நின்றுபோனவரிடம் இதைச் செய்து பயனில்லை. அவருக்குத் தலை உந்தல் இயல்பாக இருக்கும்; ஹின்ட்ஸ் கணக்கில் அது மூளைப் பக்கவாதத்தைக் காட்டும் குறி ஆகிவிடும். இருந்தும் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த நோயாளிக்குச் சுற்றல் நடந்துகொண்டிருந்தது, எனவே சோதனை பொருந்தும். வலப்பக்கத் தலை உந்தலில் கோளாறு, நிஸ்டாக்மஸ் ஒரே திசையில், கண்களில் மேல் கீழ் விலகல் இல்லை. மூன்றும் காதையே காட்டின. செவித்திறன் சோதனையும் இயல்பு. அது முக்கியம். சிறுமூளைக்கும் உட்செவிக்கும் சேர்த்து ரத்தம் கொடுக்கும் முன்-கீழ்ச் சிறுமூளைத் தமனி அடைபட்டாலும் தலை உந்தல் இதேபோலக் கெடும். பெரும்பாலும் அப்போது கேட்கும் திறனும் சேர்ந்து போகும். முதல் 48 மணி நேரத்தில் எம்.ஆர்.ஐ. கூட இந்தப் பகுதியின் சிறு அடைப்புகளைத் தவறவிடலாம் என்பதால், படம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ஒரு காது அமைதியாகிவிட்டால்

ஒவ்வொரு உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. கிடைக்குழல் என்று பெயர் இருந்தாலும் அது முழுக்கக் கிடையாக இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அதன் முன்பகுதி ஏறத்தாழ 30 பாகை உயர்ந்திருக்கும். முன்குழலும் பின்குழலும் செங்குத்தானவை. தலையின் நடுக்கோட்டுக்குச் சுமார் 45 பாகை சாய்ந்து நிற்பவை. இந்தச் சாய்வினால் ஒரு காதின் முன்குழலும் மறுகாதின் பின்குழலும் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைந்துவிடுகின்றன. ஆக மொத்தம் மூன்று இணைகள்: இரண்டு கிடைக்குழல்கள், இட முன்குழலும் வலப் பின்குழலும், வல முன்குழலும் இடப் பின்குழலும். தலை எந்தத் திசையில் சுழன்றாலும் இந்த மூன்று இணைகளின் கலவையாகவே அது மூளைக்குப் போய்ச் சேருகிறது.

குழலுக்குள் எண்டோலிம்ப் என்ற திரவம் நிறைந்திருக்கிறது. குழலின் ஒரு முனை ஆம்புல்லாவாகப் புடைத்திருக்கும். அதன் குறுக்கே கியூப்புலா என்ற கூழ்த்திரை வழியை அடைத்து நிற்கும். தலை திரும்பும்போது எலும்புக்குழல் கூடவே திரும்புகிறது, திரவம் பின்தங்குகிறது, கியூப்புலா வளைகிறது, அதில் பதிந்த, மயிர்ச்செல்களின் நுண்மயிர்கள் சாய்கின்றன. ஒரு பக்கம் சாய்ந்தால் நரம்புத் துடிப்பு கூடும், மறுபக்கம் சாய்ந்தால் குறையும். கிடைக்குழலில் ஆம்புல்லாவை நோக்கித் திரவம் தள்ளினால் துடிப்பு கூடும். செங்குத்துக் குழல்களில் நேர்மாறு, ஆம்புல்லாவை விட்டு விலகித் தள்ளினால்தான் கூடும். 1892-ல் எவால்ட் புறாக்களின் குழல்களில் திரவத்தை இரு திசையிலும் தள்ளிப் பார்த்துக் கண்டது இதைத்தான்.

இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று: தலை அசையாமல் இருக்கும்போதும் இந்த நரம்புகள் சும்மா இருப்பதில்லை. அணில் குரங்குகளில் அளந்தபோது ஓய்வு நிலையிலேயே சராசரியாக விநாடிக்குச் சுமார் 90 துடிப்புகள் இருந்தன. இரண்டு காதும் சமமாகத் துடித்தால் தலை நிலையாக இருக்கிறது என்று மூளைத்தண்டு எடுத்துக்கொள்கிறது. வலது பக்கம் திரும்பினால் வலது கூடும், இடது குறையும். அந்த வித்தியாசமே செய்தி.

சரி, இப்போது வலது காது திடீரென்று பேசாமல் போனால்? இடது பக்கம் எப்போதும்போல 90, வலது பக்கம் பூஜ்ஜியம். மூளைத்தண்டுக்கு இது தலை இடப்பக்கம் வேகமாகச் சுழல்வதாகத்தான் தெரியும். மூளைத்தண்டில் காதுகளின் செய்தியைப் பெறும் இரண்டு பக்கத்து நரம்புக்கருக்களும் ஒன்றையொன்று அடக்கிவைப்பவை என்பதால், வலது அமைதியானதும் இடது இன்னும் கட்டவிழ்கிறது. இல்லாத சுழற்சியை ஈடுகட்டக் கண்கள் வலப்பக்கம் நகர்கின்றன. எல்லைக்குப் போனதும் இடப்பக்கம் தாவி மீள்கின்றன. இடப்பக்கம் விழப்போவதாக நினைத்து உடல் வலப்பக்கம் தள்ளுகிறது. முதல் நாள் பார்த்த எல்லாமே இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

மூன்றாவது வாரத்துப் புதிர்

சுற்றல் நான்காம் நாளே பெருமளவு தணிந்திருந்தது. வாந்திக்கும் சுற்றலுக்கும் மருந்து மூன்று நாள் மட்டும் கொடுத்து நிறுத்தினோம். அதற்கு மேல் நீட்டினால் மூளை புதிய நிலைக்குப் பழகுவதையே அந்த மருந்துகள் தாமதப்படுத்தும். ஸ்டீராய்டும் சில நாட்கள் கொடுக்கப்பட்டது. அது நீண்டகாலத்தில் எவ்வளவு உதவுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மூன்றாவது வாரம் வந்தபோது அவர் சொன்ன குறை வேறு. சுற்றல் இல்லை. வலது பக்கம் சட்டென்று திரும்பினால் எதிரில் இருப்பது ஒரு கணம் நழுவிப் போய் வருகிறது. இடது பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் அப்படி இல்லை. வலது பக்கமே மெதுவாகத் திரும்பினாலும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதை மனப்பிரமை என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் இதைவிடத் துல்லியமாக ஒரு நோயாளி தன் உட்செவியை விவரிக்க முடியாது.

தலை ஒரு பக்கம் திரும்பும்போது கண்கள் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் நகர்ந்தால்தான் காட்சி நிலையாக இருக்கும். இந்த வெஸ்டிபுலார் (உட்செவிச் சமநிலை) அனிச்சையின் பாதை மிகக் குட்டையானது. வலக் கிடைக்குழல் தூண்டப்பட்டால் செய்தி வலது நரம்புக்கருவுக்குப் போகும்; அங்கிருந்து மறுபக்கம் தாண்டி, இடக் கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கும் வலக் கண்ணை உட்பக்கம் இழுக்கும் தசைக்கும் போகும். இரண்டு கண்களும் இடப்பக்கம் திரும்பும். தொடக்கம் முதல் முடிவு வரை சுமார் 10 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். பார்த்துப் பின்தொடரும் கண்ணசைவுக்கோ கிட்டத்தட்ட 100 மில்லி விநாடி தேவை. மெதுவான திரும்புதலில் அந்தப் பார்வைத் தொடர்வே காதின் குறையை மூடிவிடும், வேகமானதில் அதற்கு நேரம் போதாது.

ஆனால் இது பாதி விடைதான். வேகமாக இடப்பக்கம் திரும்பும்போது ஏன் தொல்லை இல்லை? இடது காது தனியாகவே இரு திசைகளையும் அறியக்கூடியது: இடப்பக்கம் என்றால் கூடும், வலப்பக்கம் என்றால் குறையும். கூடுவதற்கு இடம் நிறைய இருக்கிறது, 90-லிருந்து பல நூறு வரை போகலாம். குறைவதற்கு இடம் 90 மட்டும்தான். அணைத்த விளக்கை மேலும் அணைக்க முடியாது. தலை வேகம் விநாடிக்கு ஒரு பாகை மாறினால் துடிப்பு அரை அளவு மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வலப்பக்கச் சுழற்சி விநாடிக்கு 180 பாகையைத் தாண்டும்போது இடது காதின் நரம்பு பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் 200 ஆனாலும் 300 ஆனாலும் அது சொல்வது ஒன்றே. எல்லா நரம்பிழைகளும் ஒரே அளவில் நடப்பதில்லை என்றாலும் போக்கு இதுதான். இயல்பானவருக்கு இந்தக் குறை தெரியாது, அதே நேரத்தில் வலது காது மேலேறிக்கொண்டிருக்கும். ஒரு காது தரைதட்டும் இடத்தில் மற்றக் காது பொறுப்பெடுப்பதுதான் இணையாக இருப்பதன் பயன்.

ஹல்மாகியும் கர்த்தாய்ஸும் 1988-ல் விவரித்த தலை உந்தல் சோதனை இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. நோயாளி எதிரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சோதிப்பவர் தலையை 10 முதல் 20 பாகை வரை மட்டும், ஆனால் மிக வேகமாக, எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாதபடி திருப்புவார். அளவு சிறியது, வேகம் பெரியது. பலரும் தலையை நிறையத் திருப்பி மெதுவாகச் செய்வதைப் பார்க்கிறேன்; அது கழுத்துக்கு உடற்பயிற்சி, சோதனை அல்ல.

கேமரா பொருத்திய கண்ணாடியில் ஆறு குழல்களையும் தனித்தனியாகப் பார்த்தோம். கண்ணின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈடு விகிதம் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், கிடைக்குழலில் 0.8-க்குக் கீழே போனால் சந்தேகம். வலக் கிடைக்குழல் 0.35, வல முன்குழல் 0.4, வலப் பின்குழல் 0.9. இடப்பக்கத்தில் கிடைக்குழல் 0.85, மற்ற இரண்டும் 0.9-க்கு அருகில். இடது 0.85 என்பதும் கவனிக்கத்தக்கது. அந்தக் காது நலமாகத்தான் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது வலது காதிலிருந்து வர வேண்டிய 'குறைகிறது' என்ற செய்தி வராததால் ஏற்படும் சிறு சரிவு அது. இதைப் பார்த்து இரண்டு காதும் கெட்டுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

எந்த நரம்பு, எவ்வளவு தூரம்

வலது பக்கத்தில் இரண்டு குழல் கெட்டு ஒன்று தப்பியது ஏன் என்பதற்கு விடை நரம்பின் கிளைகளில் இருக்கிறது. வெஸ்டிபுலார் நரம்பின் மேல்கிளை கிடைக்குழல், முன்குழல், யூட்ரிக்கிள் (தலைச் சாய்வை அறியும் உறுப்பு) மூன்றுக்கும் போகிறது. கீழ்க்கிளை பின்குழலுக்கும், யூட்ரிக்கிளைப் போன்ற இன்னோர் உறுப்பான சாக்யூலின் பெரும்பகுதிக்கும் போகிறது. நரம்பு அழற்சி பெரும்பாலும் மேல்கிளையையே பிடிக்கும். அந்தக் கிளை போகும் எலும்புக் கால்வாய் நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால், வீங்கினால் நசுங்குகிறது என்பது ஒரு விளக்கம். நரம்புமுடிச்சில் உறங்கிக் கிடக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் விழிப்பதுதான் தொடக்கம் என்பது பலரின் கருத்து.

அப்படியானால் யூட்ரிக்கிளும் கெட்டிருக்க வேண்டும், சாக்யூல் தப்பியிருக்க வேண்டும். காதில் கொடுக்கும் ஒலிக்குத் தசைகள் தரும் பதிலை அளக்கும் வெம்ப் சோதனைகள் அதையே காட்டின. வலது காதில் ஒலி கொடுத்து வலது கழுத்துத் தசையில் பதிவு செய்தபோது பதில் வந்தது. அது சாக்யூல், கீழ்க்கிளை. இடக் கண்ணுக்குக் கீழே பதிவு செய்தபோது வர வேண்டிய பதில் வரவில்லை. அது வலது யூட்ரிக்கிள், மேல்கிளை. பதில் மறுபக்கக் கண்ணில் வருவதால் இங்கே பக்கத்தை மாற்றி எழுதிவிடுவது எளிது, அறிக்கையில் இரு முறை பாருங்கள். இருட்டில் ஒளிக்கோட்டைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னபோது அவர் 6 பாகை வலப்பக்கம் சாய்த்து நிறுத்தினார். இயல்பானவர்கள் இரண்டு, இரண்டரை பாகைக்குள் நிறுத்திவிடுவார்கள்.

யூட்ரிக்கிளும் சாக்யூலும் சுழற்சியை அறிபவை அல்ல. புவியீர்ப்பையும் நேர்கோட்டு வேக மாற்றத்தையும் அறிபவை. அவற்றின் மேல் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும், தலை சாய்ந்தால் அந்தச் சுமை நழுவும். சிக்கல் என்னவென்றால், தலையைப் பின்னால் சாய்ப்பதும் வண்டி முன்னால் சீறிப் பாய்வதும் இந்தத் துகள்களுக்கு ஒரேபோலத் தெரியும். எது எது என்று பிரித்தறிய மூளை குழல்களைக் கேட்கிறது. குழல்கள் சுழற்சி இருந்தது என்றால் அது சாய்வு. இல்லை என்றால் வேக மாற்றம். குழலின் கியூப்புலாவுக்கோ சுற்றியுள்ள திரவத்தின் அடர்த்தியே இருப்பதால் புவியீர்ப்பு அதைத் தொடுவதில்லை. இரண்டு உறுப்புகளும் ஒன்றின் குருட்டுப் பக்கத்தை மற்றொன்று பார்த்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு குலைந்ததால்தான் இந்த நோயாளிக்குத் தலையைச் சாய்த்து நிமிரும்போது 'தரை அசைந்தது போல' ஒரு உணர்வு வாரக்கணக்கில் இருந்தது. நிஸ்டாக்மஸுக்குக் கிடைக்கும் கவனம் இந்தப் புகாருக்குக் கிடைப்பதில்லை.

கலோரிக் சோதனையும் செய்தோம். படுக்கவைத்துத் தலையை 30 பாகை உயர்த்தினால் கிடைக்குழல் செங்குத்தாக வந்துவிடும்; பிறகு 30 பாகை செல்சியஸிலும் 44 பாகை செல்சியஸிலும் நீரைக் காதில் விட்டு, எழும் நிஸ்டாக்மஸை அளப்பார்கள். ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறைப் பணிக்காகவே. சூடான திரவம் மேலே எழும் என்பதுதான் அவர் தந்த விளக்கம். 1983-ல் ஸ்பேஸ்லேப் என்ற விண்வெளி ஆய்வகத்தின் பயணத்தில், எடையற்ற நிலையிலும் இந்த நிஸ்டாக்மஸ் வந்தபோது அந்த விளக்கம் மட்டும் போதாது என்று ஆனது. இவரிடம் வலது காதின் பதில் இடதைவிட 80 விழுக்காடு குறைவு. கலோரிக் மிக மெதுவான தூண்டல். தலை உந்தல் மிக வேகமானது. இரண்டிலும் கெட்டிருப்பதால் வலக் கிடைக்குழலின் முழு வேக வரம்பும் அடிபட்டிருக்கிறது. சுற்றலும் செவிக்குறைவும் விட்டுவிட்டு வரும் உட்செவி நோயான மெனியர் நோயில் பல நேரம் கலோரிக் குறைந்தும் தலை உந்தல் இயல்பாகவும் வரும். ஒன்று செய்தாயிற்று, மற்றது வேண்டாம் என்று விடக் கூடாது என்பது அதனால்தான்.

ஆறாவது வாரம்: எண் மாறவில்லை, ஆள் மாறினார்

பயிற்சி எளிமையானது. கை நீள தூரத்தில் ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் ஆட்ட வேண்டும், எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நின்று நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். அப்புறம் நடந்துகொண்டே அதே வேலை.

ஆறாவது வாரம் பார்வை நழுவல் கிட்டத்தட்டப் போய்விட்டது என்றார். ஆனால் வலக் கிடைக்குழலின் விகிதம் 0.4. பெரிய மாற்றமே இல்லை! பதிவைப் பார்த்தால் காரணம் தெரியும். மூன்றாவது வாரத்தில், தலை திரும்பி நின்ற பிறகு கண் ஒரு தாவலில் புள்ளிக்குத் திரும்பியது. அதுதான் கண்ணுக்குத் தெரியும் நழுவல். இப்போது அந்தத் தாவல் தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிடுகிறது. வெறும் கண்ணால் பார்ப்பவருக்குச் சோதனை இயல்பாகத் தோன்றும், கேமரா மட்டுமே காட்டிக்கொடுக்கும். குழல் திரும்பவில்லை, தாவல் முன்னேறிவந்து அதன் இடத்தை நிரப்பியிருக்கிறது.

ஓய்வு நிலை நிஸ்டாக்மஸின் கதை வேறு. வெளிச்சத்தில் அது மறைந்திருந்தது. இருட்டில் மட்டும் விநாடிக்கு 1, 2 பாகை மிச்சம். இங்கே சிறுமூளையும் இருபக்க நரம்புக்கருக்களும் சேர்ந்து, காது தராத ஓய்வுத் துடிப்பை வலது கருவில் தாங்களாகவே எழுப்பிக்கொண்டன. அசையாத நிலையின் சமநிலை இப்படி மீளும். வேகமான அசைவின் குறை பெரும்பாலும் தங்கிவிடும்.

பத்தாவது வாரம்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மீண்டும் வந்தார். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் சில விநாடி சுற்றுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பழைய நோயே திரும்பிவிட்டது என்ற பயம். காலத்தைக் கேட்டதுமே அது அல்ல என்று தெரிந்தது. நரம்பு அழற்சி நாள்கணக்கில் சுற்றும், இது விநாடிக் கணக்கு.

தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பிச் சட்டென்று பின்னால் படுக்கவைக்கும் டிக்ஸ்–ஹால்பைக் சோதனையில் மூன்று நான்கு விநாடி ஒன்றுமில்லை. பிறகு கண்கள் மேல்நோக்கித் துடித்தபடி, மேல்விளிம்பு கீழே இருக்கும் வலது காதை நோக்கி உருண்டன. அரை நிமிடத்துக்குள் அடங்கியது. எழுந்து உட்கார்ந்ததும் எதிர்த்திசையில் சிறிது நேரம். வலப் பின்குழலுக்குள் சுண்ணாம்புத் துகள் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இது தற்செயல் அல்ல. லிண்ட்சேயும் ஹெமன்வேயும் 1956-ல் விவரித்த தொடர் இதுவே. நரம்புக் கிளையோடு சேர்ந்து நலிந்த யூட்ரிக்கிளிலிருந்து துகள்கள் உதிர்கின்றன. உதிர்ந்தவை, படுத்திருக்கும்போது தாழ்வாக அமையும் பின்குழலுக்குள் எளிதாக விழுகின்றன. அந்தக் குழலின் நரம்பு கீழ்க்கிளை, அது உயிரோடு இருக்கிறது. எனவே திரவம் அசைந்தால் அது முறையிடும். கீழ்க்கிளையும் செத்திருந்தால் துகள் விழுந்திருந்தாலும் அவருக்குச் சுற்றியிருக்காது. பின்குழல் 0.9 என்ற மூன்றாவது வாரத்து எண்ணை இந்தத் தலைச்சுற்றல் வேறு வழியில் உறுதிப்படுத்தியது.

எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை யூட்ரிக்கிள் பக்கம் வெளியேற்றினோம். ஒரே அமர்வில் நின்றது. ஒரு வாரம் கழித்துச் செய்த சோதனையும் சுத்தம். இது மறுபடி வரக்கூடியது என்றும் வந்தால் இதே முறை போதும் என்றும் சொல்லி அனுப்பினோம்.

ஆறு மாதத்தில் வலக் கிடைக்குழல் 0.5-ல் நின்றது. இருட்டிலும் மேடு பள்ளத்திலும் நடப்பதில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. சோதனை முடிவுகளின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னோம். வருங்காலத்தில் எப்போதாவது இடது காது இதேபோலப் போனால், வலது காது ஏற்கெனவே குறைந்திருந்தும் கண்கள் வலப்பக்கம் துடிக்கும். வலது நரம்புக்கரு காதின் உதவியின்றி எழுப்பிக்கொண்ட துடிப்புக்கு அப்போது எதிர்ப்பக்கத்தில் ஈடு இருக்காது. பெக்டெரெவ் 1883-ல் கண்ட இந்த நிகழ்வில் தலை உந்தல் இரு பக்கமும் கெட்டிருக்கும். பழைய பதிவு கையில் இல்லாத மருத்துவருக்கு, இதில் எந்தப் பக்கம் புதியது, எது பழையது என்று பிரிப்பது கடினம்.